பிரெஞ்சுக் குடும்பப் பெயரும் நம் பற்றுவரவு நோட்டும்

வில்லியனூர், பாகூர் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் எவருடைய பற்றுவரவு நோட்டைப் புரட்டினாலும் ஒன்று கண்ணில் படும். முன்னெழுத்தும் பெயரும் ஊருமாக எழுதிய வரிசைக்கு நடுவே இரண்டொரு பெயர் மட்டும் வேறு தினுசாக இருக்கும். முதலில் ஒரு பிரெஞ்சுப் பெயர், பின்னால் இன்னொரு பிரெஞ்சுப் பெயர். ஆளோ நம் பக்கத்துத் தெருக்காரர். பேசுவது நம் தமிழ். வாங்குவது நாம் எல்லாரும் வாங்கும் அதே பொன்னி அரிசியும் நல்லெண்ணெயும்தான்.

இப்படிப்பட்ட பெயரைக் கண்டதும் நம்மில் பலர் இரண்டு முடிவுக்கு வந்துவிடுகிறோம். ஒன்று, இவர் வெள்ளைக்காரர் வழி வந்தவர் என்பது. மற்றொன்று, அதே பெயருள்ள இன்னொருவர் இவருக்குப் பங்காளி என்பது. இரண்டுமே பெரும்பாலும் தவறு. ஊர்ப்பேச்சில் இந்தத் தவறால் நட்டமில்லை. கடன் சரக்கிலும் கிரயப் பத்திரத்திலும் நட்டம் உண்டு.

எங்கள் அனுபவத்தையே முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் மொத்தக் கடையில் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். ஒரு நாள்கூடத் தவணை தவறாதவர். அவருடைய குடும்பப் பெயரையே சொல்லிக்கொண்டு வேறொருவர் வந்தார். சிறிய கடை தொடங்கியிருப்பதாகவும் முதல் சரக்கைக் கடனாகத் தரவேண்டும் என்றும் கேட்டார். பழையவரின் தம்பி முறையாக இருப்பார் என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டு கொடுத்தோம். அவர் தம்பி என்று சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. பாக்கி நின்றபோது பழையவரிடம் போனோம். அவர் சிரித்துவிட்டு, "எங்கள் தாத்தா அந்தப் பெயரை எடுத்தது ஒரு வருடம், அவர்கள் தாத்தா எடுத்தது வேறொரு வருடம். எங்களுக்குள் கொள்வினை கொடுப்பினைகூடக் கிடையாது, முதலாளி" என்றார். பாக்கி கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. பிழை எங்களுடையதுதான். ஆனால் "பெயரை எடுத்தது" என்று அவர் சொன்னது மனத்தில் தங்கிவிட்டது. பெயர் பிறப்போடு வருவதல்லவா, அதை எடுப்பது எப்படி?

அதற்குப் பதில் 1881ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஒரு ஆணை பிறப்பித்தது. பிரெஞ்சிந்தியாவில் வாழும் எந்த இந்தியரும், எந்தச் சாதி எந்த மதமானாலும், தம் சாதி, மத வழக்குச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வந்துவிடலாம் என்றது அந்த ஆணை. இவ்வாறு விட்டவரே 'ரெனோன்சான்'. துறந்தவர் என்று பொருள். துறந்தது மதத்தை அன்று, வழக்குச் சட்டத்தை மட்டுமே. இது பலருக்குத் தெரியாது. துறப்புப் பத்திரம் எழுதும்போதே, தாமும் தம் சந்ததியும் இனி எந்தக் குடும்பப் பெயரால் அழைக்கப்படவேண்டும் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். பெயரைத் தேர்ந்தெடுப்பது அவரவர் விருப்பம். ஒருமுறை எழுதியபின் திரும்பப் பெற முடியாது. மனைவியும் மைனர் பிள்ளைகளும் அதிலேயே அடக்கம். வயது வந்த மகனோ தம்பியோ வேண்டுமானால் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. பெயர் அவரவர் விருப்பம் என்பதால், ஒட்டும் உறவும் இல்லாத இருவர் வெவ்வேறு ஊரில் ஒரே பெயரை எடுத்திருக்கலாம். வயது வந்தவர் தனித்தனியே எழுதவேண்டும் என்பதால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே இருவேறு பெயரோடு பிரிந்திருக்கலாம். அண்ணன் எழுதித் தம்பி எழுதாமலே இருந்துவிட்டால் ஒருவருக்குப் பிரெஞ்சுப் பெயர், மற்றவருக்குப் பழைய தமிழ்ப் பெயர்.

பிரான்சில் நிலைமை வேறு. அங்கே குடும்பப் பெயர் தகப்பன் வழியாக வழிவழி வந்தது. பழைய மளிகைக்காரர் சிலருக்குப் பெழோ என்ற பெயர் நினைவிருக்கும். மிளகு அரைக்கும் கையாலைக்கும் அதே பெயர், மோட்டார் காருக்கும் அதே பெயர். அந்த இரண்டும் உண்மையிலேயே ஒரே குடும்பத்துத் தொழிலில் இருந்து கிளைத்தவை. மிஷ்லேன் டயரும் அப்படித்தான். அண்ணன் தம்பி இருவர் 1889இல் தொடங்கிய கம்பெனி அது. பெயரைப் பார்த்துக் குடும்பத்தைச் சொல்லும் அந்தக் கணக்கு நம் கொம்யூன்களில் செல்லாது.

துறந்தவர்களின் கதையில் முதலில் சொல்லவேண்டியவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. வழக்கறிஞர். 1873ஆம் ஆண்டு ஐரோப்பியரைப் போலக் காலில் ஷூ அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வருவது அவமதிப்பு என்று அங்கே அவருக்குத் தண்டனை விதித்தார்கள். அவர் விடவில்லை. வழக்கைப் பாரீசு வரை கொண்டுபோய் வென்றார். 1881 ஆணை வந்தபின் துறந்தவர்களில் முன்வரிசையில் நின்று 'லா போர்த்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். மற்றவர்களுக்கு வழி திறந்துவிட்டவர் தமக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டது பொருத்தம்தான்.

அவருக்குப் பின் துறந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதி. காரணம் வெளிப்படை. பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த சாதி அடையாளம் போயிற்று. பிரெஞ்சுக்காரருக்குரிய உரிமையைக் கேட்க வழி பிறந்தது. சைகோனில் போலீசு, சுங்கம் போன்ற உத்தியோகங்களுக்குப் போனவர்களுக்கு இது பெரிய வாய்ப்பாக இருந்தது. மறுபக்கம், சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் மேல்சாதி இந்துக்கள் இந்தத் துறப்பை முழு மூச்சாக எதிர்த்தார்கள். அந்த அரசியல் சண்டையை எழுத இந்த இதழ் போதாது.

எல்லாரும் பிரெஞ்சுப் பெயரையே எடுத்தார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. தமிழ்ப் பெயரையே பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் குடும்பப் பெயராக்கிக் கொண்டவர்களும் உண்டு. புருஷாந்தி குடும்பம் அப்படிப்பட்டது. நம் வணிகர்கள் அறிந்திருக்கவேண்டிய பெயர் இது. புதுச்சேரி தருமநாதன் புருஷாந்தி 1891 முதல் 1900 வரை நீராவிப் படகுத் தொழில் நடத்தியவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் கையில் இருந்த தொழிலில் ஒரு தமிழர் இறங்கியது சின்னக் காரியமா? அதே குடும்பத்து லியோன் புருஷாந்தி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சைகோனில் இருந்த தம் மாளிகையை இந்திய சுதந்திர லீக்கின் வேலைக்குக் கொடுத்தவர். குடும்பப் பெயரை எழுதிய எழுத்து பிரெஞ்சு. வீட்டைக் கொடுத்ததோ இந்திய விடுதலைக்கு.

லம்பேர் சரவணன் என்ற பெயரையும் பாருங்கள். முன்னது பிரெஞ்சு, பின்னது தமிழ். 1946இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் போனவர் அவர். நம் வழக்கப்படி படித்தால் சரவணன்தான் அவருக்கு இட்ட பெயர் என்று தோன்றும். பிரெஞ்சு முறைப்படி அது குடும்பப் பெயர்.

இன்னொரு வேடிக்கை கலவைக் கல்லூரி. பிரெஞ்சு எழுத்தில் 'கல்வே' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, வெளியூர்க்காரர் யாரோ ஒரு பிரெஞ்சுத் துரையின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கலவை சுப்பராயச் செட்டியாரின் கலவை. அசல் தமிழ் வணிகக் குடும்பம். 1910இல் ஸ்ரீ அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்து இறங்கியபோது முதல் சில மாதங்கள் தங்கியது கலவை சங்கர செட்டியார் வீட்டில்தான். பிரெஞ்சில் எழுதினாலே பெயர் பிரெஞ்சாகிவிடாது என்பதற்கு நம் ஊர்ப் பெயர்களே சாட்சி. பழைய பத்திரங்களில் வில்லியனூர் 'வில்லெனூர்' என்றும், உழவர்கரை 'ஊல்கரே' என்றும் இருக்கும். சண்முகம் 'ஷனெமுகாம்' ஆகியிருப்பார். வில்லங்கம் தேடும்போது இந்த எழுத்து மாற்றத்தை நினைவில் வைக்காவிட்டால் ஒரே ஆளை இரண்டு ஆளாகக் கணக்கிட்டுவிடுவோம்.

உண்மையான பிரெஞ்சுப் பெயர்களில் நமக்கு மிகப் பழக்கமானது குபேர். மிஷன் பக்கம் சரக்கெடுக்கப் போகும் நம்மில் யார் பெரிய மார்க்கெட்டை மிதிக்காதவர்? அதன் பெயர் குபேர் அங்காடி. செல்வத்துக்கு அதிபதியான குபேரன் பெயரைத்தான் சந்தைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நம்புகிற கிராமத்து வியாபாரிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். பொருத்தமான நம்பிக்கைதான், என்றாலும் அது எதுவார் குபேர் என்ற அரசியல் தலைவரின் பெயர். 1951இல் சரவணனுக்குப் பின் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனவர். கடற்கரைச் சாலைக்கும் அவர் பெயர்தான்.

நம் கிராமப் பகுதிக்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நெடுநாள் பிரெஞ்சு ஆட்சியின் பக்கம் நின்றவர், 1954 மார்ச்சில் இந்திய இணைப்பின் பக்கம் மாறினார். மாறியபின் அவர் நிலைகொண்ட இடம் பாகூருக்கு அடுத்த நெட்டப்பாக்கம். அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி இந்தியா கைக்கு வந்தது. 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சராகப் பதவியேற்றவர் குபேர்.

மில்களின் பெயரைச் சொல்லாமல் விட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆங்கிலோ பிரெஞ்சு மில் என்றால் யாருக்கும் தெரியாது, ரோடியர் மில் என்றால் எல்லாருக்கும் தெரியும். பாரதி மில்லுக்கு முன்பு கெப்ளே மில் என்று பெயர். சம்பள நாளில் வில்லியனூர்ச் சந்தை களைகட்டியதற்கு இந்த மில்களும் ஒரு காரணம். 2020இல் அவையும் மூடப்பட்டன. பெயர் மட்டும் பேருந்து நிறுத்தத்திலும் பேச்சிலும் நிற்கிறது. பிரான்சிலும் ரோடியர் என்ற பெயரில் புகழ்பெற்ற துணி நிறுவனம் ஒன்று உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து அதையும் இதையும் முடிச்சுப் போட நாங்கள் தயாரில்லை.

இனி, இதை எழுத உட்கார்ந்த முக்கியக் காரணத்துக்கு வருகிறோம். கிடங்குக்கு மனை வாங்குவது, கடைக்கட்டடம் வாங்குவது, பாக்கிக்கு ஈடாகச் சொத்தை எழுதி வாங்குவது ஆகியவை நம் தொழிலில் சாதாரணம். விற்பவர் ரெனோன்சான் குடும்பத்தவரானால் சட்டமே வேறு. இந்துத் திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் 1963 அக்டோபர் 1 முதல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன. அப்படி நீட்டிக்கும்போதே, புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இவை பொருந்தா என்று எழுதிவிட்டார்கள். ஆகவே விற்பவர் நெற்றியில் திருநீறு இருப்பதைப் பார்த்து, இவருக்கு இந்துச் சட்டம்தான் என்று முடிவுகட்ட முடியாது. பாட்டனார் துறந்திருந்தால் பேரனுக்கும் பிரெஞ்சுச் சிவில் சட்டம்தான்.

அந்தச் சட்டத்தில் நாம் அறியவேண்டியவை மூன்று.

முதலாவது, தகப்பன் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பெண்ணுக்குச் சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று, அவளுக்குப் பங்கில்லை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இது நேற்று வந்த சலுகை அன்று, துறந்த நாளிலிருந்தே உள்ளது. பழைய புதுச்சேரி இந்து வழக்கிலோ தகப்பனே சொத்துக்கு முழு உடையவர், மகனுக்குப் பிறப்புரிமைகூடக் கிடையாது. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்கு இரண்டு சட்டம் நடந்தது. இரண்டு ஆண், மூன்று பெண் பிள்ளைகளை விட்டு ஒருவர் இறந்தால் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. அண்ணன் தம்பி இருவர் மட்டும் கையெழுத்திட்ட கிரயத்தை நாம் வாங்கினால், முழு மனைக்குப் பணம் கொடுத்து ஐந்தில் இரண்டு பங்கை வாங்கியவர்கள் ஆவோம். மீதிப் பங்குக்காரப் பெண்கள் பாரீசிலோ ரீயூனியனிலோ இருப்பார்கள். பத்து வருடம் கழித்து வந்து கேட்டாலும் கேட்பார்கள். கேட்பது அவர்கள் உரிமை.

இரண்டாவது, உயில். தகப்பன் தம் விருப்பப்படி முழுச் சொத்தையும் ஒருவருக்கே எழுதிவைக்க அந்தச் சட்டம் இடம் தருவதில்லை. ஒரு பிள்ளை இருந்தால் பாதியைத்தான் விருப்பப்படி எழுதலாம். இரண்டு பிள்ளை என்றால் மூன்றில் ஒரு பங்கு. மூன்றும் அதற்கு மேலும் என்றால் நாலில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்கென்று சட்டமே ஒதுக்கிவைத்தது. எனவே "அப்பா உயில் எழுதிவிட்டார், எல்லாம் என் பெயரில்தான்" என்று சொல்பவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன், உடன்பிறந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

மூன்றாவது, மனைவி. திருமண ஒப்பந்தம் தனியாக எழுதாத தம்பதியர், கலியாணத்துக்குப் பின் சம்பாதித்து வாங்கிய சொத்து இருவருக்கும் பொது என்பது பிரெஞ்சுச் சட்டத்தின் வழக்கமான ஏற்பாடு. கணவர் பெயரில் மட்டும் பட்டா இருப்பது போதாது. அம்மாளின் கையெழுத்தையும் வாங்கிவிடுவது நல்லது.

பிள்ளைகளின் முழு விவரத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்வி எழும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களிடம் 'லிவ்ரே த ஃபாமிய்' என்ற குடும்பப் புத்தகம் இருக்கும். பெற்றோரின் திருமணமும் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக அதில் பதிவாகியிருக்கும். நம் வாரிசுச் சான்றோடு அதையும் வைத்து ஒத்துப் பார்க்கலாம். இந்தியக் குடியுரிமை உள்ள ரெனோன்சான் குடும்பமானால் கொம்யூன் பஞ்சாயத்திலும் நகராட்சியிலும் உள்ள பிறப்பு, திருமணப் பதிவேடுகளின் நகல்தான் வழி. பழைய பதிவுகள் பிரெஞ்சில் இருக்கும். வெட்கப்படாமல், படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு பத்திரச் செலவில் நூறில் ஒரு பங்குகூட இராது.

குடியுரிமை என்றதும் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். ரெனோன்சான் என்பது வேறு, பிரெஞ்சுக் குடிமகன் என்பது வேறு. 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். அவ்வாறு எழுதிக் கொடுத்தவர்களில் சுத்தத் தமிழ்ப் பெயருள்ள இந்துக்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, சொல்தா பென்ஷன் வாங்கிய குடும்பங்கள் நிறைய உண்டு. பிரெஞ்சுக் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டே எழுதிக் கொடுக்காமல் இந்தியராகிவிட்டவர்களும் உண்டு. ஆகப் பெயரைப் பார்த்து எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று சொல்ல முடியாது.

பாகூர்ப் பக்கத்து உறுப்பினர்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் அங்கே கைமாறுவது பெரும்பாலும் நஞ்சை. வெளிநாட்டுக் குடிமகனோ, வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருப்பவரோ விவசாய நிலத்தை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. அட்டை வைத்திருப்பவர் வீடும் கடையும் வாங்கலாம். நஞ்சை கூடாது. நிலம் வாங்கிக் கூட்டாக அரிசி ஆலை போடலாம் என்று பிரான்சிலிருந்து வந்த நண்பரோடு பேசி முடிப்பதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பரம்பரையாக வந்த நிலத்தை அவர் இங்கிருக்கும் இந்தியருக்கு விற்பதில் தடையில்லை. நேரில் வர முடியாமல் அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது அங்கே முறைப்படி சான்று பெற்றதாக இருக்கவேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணமும் செலுத்தியிருக்கவேண்டும். முடிந்தவரை அவர்கள் நேரில் வரும் காலத்துக்குப் பதிவை வைத்துக்கொள்வதே மேல். பிரான்சில் பெரிய பள்ளி விடுமுறை ஜூலையும் ஆகஸ்ட்டும்.

கடைசியாக நோட்டு விஷயம். பிரெஞ்சுக் காகிதங்களில் பெரும்பாலும் குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் முதலில் போட்டு, இட்ட பெயரைப் பின்னால் போடுவார்கள். ஆதாரில் அதே ஆள் இட்ட பெயர் முன்னும் குடும்பப் பெயர் பின்னுமாக இருப்பார். வங்கிக் கணக்கில் குடும்பப் பெயரே முன்னெழுத்தாகச் சுருங்கியிருக்கும். பில்லில் ஒரு பெயரும் காசோலையில் ஒரு பெயருமாகப் போய்ப் பணம் திரும்பிய கதைகள் நம் சங்கத்திலேயே உண்டு. ஆகையால் எங்கள் கடையில் இப்போது செய்வது இதுதான்: வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி முழுப் பெயர், அதன் கீழ் தகப்பனார் பெயர், ஊர், தெரு. குடும்பப் பெயரை மட்டும் எழுதிக் கணக்குத் திறப்பதில்லை. முதல் தடவை கடன் கேட்டு வருபவரிடம், "இந்தப் பெயரில் இன்னொருவர் எங்களிடம் வாங்குகிறார், உங்களுக்கு உறவா?" என்று வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறோம். இதுவரை யாரும் மனம் கோணியதில்லை. பெரும்பாலோர் உட்கார்ந்து, தாத்தா எந்த வருடம், எந்த ஊரில், ஏன் அந்தப் பெயரை எடுத்தார் என்பதைக் கதையாகவே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.